சிம்மை மாத்தலாம்... கரன்ட்டை மாத்தலாமா?

ஒரே ஒரு மெசேஜ். நம்பர் அதே நம்பர், கம்பெனி மட்டும் வேற! 2010 நவம்பரில் ஹரியானாவில் ஆரம்பித்து 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்த வசதி இது. டவர் கிடைக்கலையா, மாத்து. ஆஃபர் முடிஞ்சு போச்சா, மாத்து. இதில் நாமெல்லாம் பி.எச்டி. பண்ணியிருக்கிறோம்.

இப்போ இன்னொரு சீன். நீங்கள் கள்ளக்குறிச்சியில் கிளாஸ் முடித்து பஸ் ஸ்டாண்டில் நிற்கிறீர்கள். ஊரிலிருந்து அம்மா போன். "கரன்ட் பில்லு ரெண்டாயிரம் வந்திருக்குடா. போன தடவ இவ்வளவு வரலியே... நீதான படிச்ச புள்ள, என்னான்னு பாரு!"

பக்கத்தில் நிற்கிற நண்பன் சட்டென்று சொல்கிறான்: "லண்டன்ல இருக்கற எங்க மாமா பையன் வருஷத்துக்கு ஒரு தடவ கரன்ட் கம்பெனிய மாத்துவானாம். நாமளும் மாத்திட்டா என்ன மச்சி?"

நல்ல கேள்வி. சிரிக்காமல் பதில் தேடலாம், வாங்க.

ஒரே கடை... ஒரே கம்பி!

முதலில் கசப்பான பதில். கள்ளக்குறிச்சியில் வீட்டு மின்சாரத்துக்கு ஒரே கடைதான். 1957-ல் பிறந்த தமிழ்நாடு மின்சார வாரியம், 2010 நவம்பரில் இரண்டு கம்பெனிகளாகப் பிரிந்தது. அதில் நமக்கு கரன்ட் கொடுத்த 'டான்ஜெட்கோ'வும் 2024-ல் மறுபடி பிரிக்கப்பட்டு, பில் போடுகிற வேலை தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்திடம் வந்தது. பெயர்தான் மாறியது. நமக்கு எப்பவும் அது 'ஈ.பி. ஆபீஸ்'தான்.

கள்ளக்குறிச்சி டவுனில் இருந்தாலும் சரி, சின்னசேலத்தில் இருந்தாலும் சரி, கல்வராயன் மலை மேலே வெள்ளிமலையில் இருந்தாலும் சரி... அதே கம்பி, அதே கட்டணம்.

'அப்போ இந்தியாவில் எங்கேயுமே மாத்த முடியாதா?' அதுதான் இல்லை. மும்பையில் முடியும்!

மும்பைக்காரங்க பார்த்த சினிமா

மும்பையின் புறநகரில் அப்போது ரிலையன்ஸ் கம்பெனி கரன்ட் கொடுத்துக்கொண்டிருந்தது. டாடா பவருக்கும் அங்கே லைசென்ஸ் இருந்தது. 'வீடுகளுக்கும் டாடா நேரடியாக விற்கலாம்' என்று 2008 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2009 அக்டோபரில் மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இன்னும் ஒரு படி மேலே போனது: 'டாடா புதுசா கம்பி இழுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ரிலையன்ஸ் கம்பி வழியாகவே டாடா கரன்ட்டை வாங்கிக்கலாம்.'

டாடா கட்டணம் அப்போது குறைவு. ஜனங்க சும்மா இருப்பாங்களா? படையெடுத்தார்கள்.

அப்புறம்தான் இன்டர்வெல் ட்விஸ்ட். கம்பி பழைய கம்பெனியுடையது அல்லவா? அதற்கு வாடகை உண்டு. அதிகம் செலவழிப்பவர் கொஞ்சம் கூடக் கொடுத்து, குறைவாகச் செலவழிப்பவருக்குக் கை கொடுப்பதுதான் மின்கட்டணத்தின் ஏற்பாடு. கூடக் கொடுத்தவர்கள் கிளம்பிவிட்டால் அந்தப் பள்ளத்தை யார் நிரப்புவது? 2011-ல் ஆணையம், மாறிப்போனவர்கள் தலையிலும் ஒரு கூடுதல் கட்டணத்தை வைத்தது. விளம்பரத்தில் பார்த்த ரேட் வேறு, கடைசியில் கையில் வந்த பில் வேறு! அந்த ரிலையன்ஸ் கம்பெனியே 2018-ல் அதானி கைக்குப் போய்விட்டது தனிக்கதை.

சரி, நண்பனின் மாமா பையன் இருக்கிற பிரிட்டன்? அங்கே 1999-லிருந்தே எல்லா வீடுகளும் கரன்ட் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கலாம். குறைந்த விலை காட்டிக் குட்டிக் குட்டிக் கம்பெனிகள் முளைத்தன. 2021-ல் எரிவாயு மொத்த விலை தாறுமாறாக ஏறியதும், கிட்டத்தட்ட முப்பது கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்தன. சுமார் 17 லட்சம் வாடிக்கையாளர்கள் வைத்திருந்த 'பல்ப்' என்ற கம்பெனியும் அதில் ஒன்று. யார் வீட்டிலும் விளக்கு அணையவில்லை. அரசு அமைப்பு வேறு கம்பெனிக்கு அவர்களை மாற்றிவிட்டது. ஆனால் அந்தச் செலவு? கம்பெனி மாறாமல் அப்படியே இருந்தவர்கள் பில்லிலும் சேர்ந்து வந்தது.

ஆக, ரெண்டு பாடம். ஒன்று, ரேட்டை மட்டும் பார்க்காதே, மொத்த பில்லைப் பார். ரெண்டு, ரொம்ப மலிவாக ஒருத்தன் தந்தால், அந்த மிச்சத்தை யார் கட்டுகிறார்கள் என்று கேள்.

நாளைக்கு நம்ம ஊருக்கு வந்தா?

'இதெல்லாம் நமக்கு எதுக்கு பாஸ்?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 2022 ஆகஸ்ட் 8-ம் தேதி நாடாளுமன்றத்தில் ஒரு மின்சாரத் திருத்த மசோதா வந்தது. ஒரே ஊரில் பல கம்பெனிகள் ஒரே கம்பியைப் பயன்படுத்தி கரன்ட் விற்கலாம் என்பது அதன் சாரம். தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள் எதிர்த்தன. நிலைக்குழுவுக்குப் போன மசோதா, 2024-ல் அந்த மக்களவையோடு காலாவதியானது. 2025 அக்டோபரில் அதே யோசனையோடு இன்னொரு வரைவு வெளியானது. அதாவது, கேள்வி செத்துப்போகவில்லை.

இப்போ கொஞ்சம் கற்பனை பண்ணுங்கள். புது கம்பெனி ஒன்று கள்ளக்குறிச்சிக்கு வருகிறது. முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டும்? ஏ.சி. ஓடுகிற டவுன் வீடு, ஜவுளிக்கடை, ரைஸ் மில். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறி, காட்டுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிற வீடுகளைத் தேடிப் போகுமா? ஒரு வீட்டில் ரெண்டு பல்பு, ஒரு ஃபேன், ஒரு டி.வி. 2016 மே மாதம் வந்த 'ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்' கணக்கிலேயே பல வீடுகள் அடங்கிவிடும். மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால், லைன்மேன் மலை ஏறித்தான் ஆகணும். வரவு கம்மி, செலவு ஜாஸ்தி.

நல்லா கட்டுகிறவர்களெல்லாம் புது கம்பெனிக்குப் போய்விட்டால், மலைக்குக் கம்பி இழுக்கிற பழைய கம்பெனியிடம் என்ன மிஞ்சும்? 2022 மசோதாவில் இதற்கென்று ஒரு சமநிலை நிதி பற்றிப் பேசினார்கள். அது போதுமா என்பதுதான் சண்டையே. உங்கள் கிளாஸில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வருகிற நண்பர் இருப்பாரே... அவர் வீட்டு விளக்கும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. போட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. 'எனக்கு எவ்வளவு மிச்சம்?' என்பதோடு கேள்வி முடிந்துவிடக் கூடாது என்று சொல்கிறோம். அவ்வளவுதான்.

மாத்தக்கூடியது ஒண்ணு இருக்கு... சிலிண்டர்!

கரன்ட்டில் சாய்ஸ் இல்லை. சமையல் காஸில் உண்டு. இண்டேன், பாரத், எச்.பி. என்று மூன்று பொதுத்துறைக் கம்பெனிகள். ஆனால் இங்கே ஒரு வேடிக்கை. வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டர் விலை, ஒரே ஊரில் மூன்றிலும் ஒன்றுதான்! அதனால் விலைக்காக மாறுவது வேஸ்ட். சர்வீஸுக்காக மாறுவதுதான் சரி.

புக் பண்ணி எத்தனை நாளில் வருகிறது? எடை போட்டுக் காட்டுகிறார்களா? ரசீதில் இருப்பதற்கு மேல் எவ்வளவு கேட்கிறார்கள்? இந்த மூணுக்கும் மோசமான பதில் என்றால், மாறுவதைப் பற்றி யோசிக்கலாம்.

2013 அக்டோபரில் 24 இடங்களில் சோதனையாக ஆரம்பித்து, 2014 ஜனவரியில் 480 மாவட்டங்களுக்கு வந்தது காஸ் 'போர்ட்டபிலிட்டி'. கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் பகுதி ஏஜென்சிகளையும், எவ்வளவு சீக்கிரம் டெலிவரி தருகிறார்கள் என்பதற்கான நட்சத்திர மதிப்பெண்ணையும் பார்த்து, வேறு ஏஜென்சியைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரே கம்பெனிக்குள் மாறுவது சுலபம். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் திருப்பித்தர வேண்டியதில்லை. 2021-ல் இன்னொன்றையும் சோதித்தார்கள். ஏஜென்சியையே மாற்றாமல், இந்த ஒரு சிலிண்டரை மட்டும் வேறு ஏஜென்சியிடம் வாங்கும் வசதி. அதற்குத் தேர்ந்தெடுத்த ஐந்து ஊர்களில் நம்ம கோயம்புத்தூரும் ஒன்று.

கம்பெனியையே மாற்றுவதுதான் தலைவலி. பழைய சிலிண்டரை ஒப்படைக்கணும், டெபாசிட்டைத் திரும்ப வாங்கணும், புது இடத்தில் கட்டணும். உஷார்! புது கனெக்‌ஷனுக்கான டெபாசிட் 2022 ஜூனில் 1,450 ரூபாயிலிருந்து 2,200 ஆனது. உங்கள் பாட்டி காலத்து கனெக்‌ஷனை சரண்டர் பண்ணினால், பழைய ரசீதில் என்ன தொகை இருக்கிறதோ அதுதான் கைக்கு வரும். புது இடத்தில் எவ்வளவு கட்டணும் என்று கேட்டுக்கொண்ட பிறகு பழையதை ஒப்படைப்பதே புத்திசாலித்தனம்.

மலையில் கணக்கு வேற!

கல்வராயன் மலைக் கிராமத்தில் 'எந்த ஏஜென்சி?' என்பது ரெண்டாவது கேள்வி. 'சிலிண்டர் வீடு வரைக்கும் வருமா?' என்பதுதான் முதல் கேள்வி. நிரம்பிய சிலிண்டர், இரும்பையும் சேர்த்து சுமார் 30 கிலோ. வண்டி போகிற ரோட்டோடு இறக்கிவிட்டுப் போனால், மிச்ச தூரத்துக்கு யாராவது தோளில்தான் தூக்கணும். ஏஜென்சிக்காரர் வரவில்லை என்றால் என்ன ஆகும்? அடுப்பு பரணில் ஏறிவிடும். அம்மா மறுபடி விறகு பொறுக்கப் போவார். 2007-ல் தமிழக அரசு இலவச காஸ் அடுப்பு கொடுத்தது, 2016-ல் மத்திய அரசு உஜ்வலா திட்டம் கொண்டுவந்தது... எல்லாம் சரி. ரெண்டாவது சிலிண்டர் வந்தால்தானே புகை நிற்கும்?

இங்கே உங்களால் முடிந்த மூணு விஷயம் இருக்கு. ஒன்று, 5 கிலோ சிலிண்டர் கேட்டுப் பாருங்கள். தூக்குவது சுலபம், ஒரே தடவையில் கொடுக்கிற காசும் கம்மி. ரெண்டு, வீட்டு டெலிவரிக்கான கட்டணம் சிலிண்டர் விலையிலேயே அடக்கம். நீங்களே ஏஜென்சிக்குப் போய் எடுத்துவந்தால் அந்தத் தொகையைக் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம். கூச்சப்படாதீங்க, அது உரிமை. மூணு, கிராமத்தில் பத்து வீடு சேர்ந்து ஒரே நாளில் புக் பண்ணுங்கள். ஒரு சிலிண்டருக்கு மலை ஏறாத வண்டி, பத்து சிலிண்டருக்கு ஏறும்.

ரூம் எடுத்துத் தங்கியிருக்கீங்களா?

இது டவுனில் ரூம் எடுத்துப் படிக்கிற பார்ட்டிகளுக்கு. ஓனர் வீட்டுக்கும் மாடி ரூமுக்கும் ஒரே ஈ.பி. மீட்டர். உங்களுக்கு ஒரு சப்-மீட்டர். 'யூனிட்டுக்கு இவ்வளவு' என்று ஓனர் வாங்குகிறார். 'கொள்ளை அடிக்கறாரு மச்சி' என்று புலம்புவதற்கு முன், 2022 செப்டம்பரில் அமலுக்கு வந்த கட்டணத்தை வைத்து ஒரு கணக்கு. (2024 ஜூலையில் கட்டணம் மறுபடி ஏறியது. ஆனாலும் கணக்கின் சூட்சுமம் புரிய இது போதும்.)

ரெண்டு மாதத்தில் 300 யூனிட் ஓடினால்: முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு 2.25 வீதம் 225, அடுத்த 100 யூனிட்டுக்கு 4.50 வீதம் 450. மொத்தம் 675 ரூபாய். ஓனருக்கு ஒரு மீட்டர், உங்களுக்கு ஒரு மீட்டர், ஆளுக்கு 300 என்றால் ரெண்டும் சேர்த்து 1,350.

அதே 600 யூனிட் ஒரே மீட்டரில் ஓடினால்? 500-ஐத் தாண்டியதும் அந்த 2.25 சலுகை காணாமல் போகும். 101 முதல் 400 வரை 4.50 வீதம் 1,350. அடுத்த 100-க்கு 6 வீதம் 600. கடைசி 100-க்கு 8 வீதம் 800. ஆக 2,750! அதே கரன்ட்... 1,400 ரூபாய் கூடுதல். ஓனரும் வில்லன் இல்லை, நீங்களும் இல்லை. ரெண்டு பேரையும் மாட்டிவிட்டது அந்த ஒரே மீட்டர்தான்.

தனிச் சமையலறையோடு தனிக் குடித்தனமாக இருந்தால், தனி இணைப்பு வாங்கலாமா என்று ஓனரோடு உட்கார்ந்து பேசுங்கள். மின்சாரச் சட்டத்தின் 43-வது பிரிவு, வீட்டுச் சொந்தக்காரர் மட்டுமல்ல, குடியிருப்பவர் கேட்டாலும் இணைப்பு தரணும் என்கிறது. கம்பெனியை மாற்ற முடியாத ஊரில், மீட்டரை மாற்றுவதுதான் பெரிய மாற்றம்.

அம்மாவின் ரெண்டாயிரம் ரூபாய் மர்மமும் இதே இடத்தில்தான் இருக்கலாம். அதே 2022 கட்டணத்தில் 500 யூனிட்டுக்கு பில் 1,725. 510 யூனிட்டுக்கு? 2,030! பத்தே பத்து யூனிட்... 305 ரூபாய். ராத்திரி முழுக்க ஓடுகிற பழைய குண்டு பல்பு ஒன்றைக் கழற்றினாலே அந்தப் பத்து யூனிட் மிச்சம்.

சூரியனுக்கு மாறிடலாமா?

கூரையில் சோலார். 2024 பிப்ரவரியில் ஆரம்பித்த மத்திய அரசுத் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, ரெண்டுக்கு 60,000, மூணும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். ஒரு கிலோவாட் பேனல் நம்ம ஊர் வெயிலில் நாளைக்கு சுமார் 4 யூனிட் தரும். ரெண்டு மாதத்துக்கு 240.

மானியம் போக உங்கள் கையிலிருந்து 35,000 ரூபாய் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ரெண்டு மாதத்துக்கு 600 யூனிட் ஓட்டுகிற வீடு என்றால், மேலே பார்த்த அதே கட்டணத்தில் 2,750 ரூபாய் பில் 945 ஆகும். வருஷத்துக்குப் பத்தாயிரத்துச் சொச்சம் மிச்சம். மூணு, மூணரை வருஷத்தில் போட்ட காசு திரும்பிவிடும். சூப்பர்!

200 யூனிட் மட்டும் ஓட்டுகிற வீடு? பில்லே 225 ரூபாய்தான். வருஷத்துக்கு 1,350. அதை முழுக்க மிச்சம் பிடித்தாலும் 35,000-ஐ எடுக்க 26 வருஷம் ஆகும். பேனல் ஆயுசே சுமார் 25 வருஷம்தான் பாஸ்! பக்கத்து வீட்டுக்காரர் போட்டார் என்பதற்காக நாமும் போடக் கூடாது என்பது இதனால்தான்.

இன்னொன்று. பேட்டரி இல்லாத, ஈ.பி. கம்பியோடு இணைந்த சோலார், கரன்ட் போனால் அதுவும் நின்றுவிடும். கம்பியில் வேலை பார்க்கிற லைன்மேன் உயிருக்கான பாதுகாப்பு ஏற்பாடு அது. 'அடிக்கடி கரன்ட் போகுது, அதனால சோலார்' என்று நினைப்பவர்கள் இதைக் கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள்.

மாத்தறதுக்கு முன்னாடி... அஞ்சு கேள்வி!

1. நமக்கு இப்போ பிரச்னை விலையா, சர்வீஸா? விலை எங்கும் ஒன்று என்றால் சர்வீஸை மட்டும் பாருங்கள்.

2. கடைசி ஆறு பில்லில் எத்தனை யூனிட்? ஒரு பில்லை வைத்து முடிவெடுக்காதீர்கள். சித்திரை வெயில் பில் எப்பவும் பயமுறுத்தும்.

3. மாறுவதற்கே எவ்வளவு செலவு? டெபாசிட், ஃபார்ம், அலைச்சல், லீவு போடுகிற அப்பாவின் ஒரு நாள் கூலி... எல்லாம் சேர்த்து.

4. பிடிக்கலைன்னா திரும்பி வர முடியுமா?

5. மாறாமலேயே சரிபண்ண முடியுமா? கரன்ட் புகாருக்கு 2021-ல் தொடங்கிய 'மின்னகம்' எண் 94987 94987. அதிலும் தீரலையா? நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது. அதற்கும் மேலே மின்சாரக் குறைதீர்ப்பாளர். ரெண்டுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. புகார் எண்ணைக் குறித்து வைக்க மறக்காதீங்க. காஸ் கசிந்தால் யோசிக்கவே வேண்டாம், 1906.

அஞ்சாவது கேள்வியை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கடையை மாற்ற முடியாதவனுக்கு, கேள்வி கேட்பது ஒன்றுதான் வழி. லண்டன் மாமா பையன் பிடிக்கலைன்னா கிளம்பிவிடுவான். நாம் இங்கேயேதான் இருக்கப் போகிறோம். அதனால் நாம் அவனைவிட நன்றாக பில் படிக்கத் தெரிந்தவர்களாக இருக்கணும். 2019 நவம்பரில்தான் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. கலெக்டர் ஆபீஸே பக்கத்தில் வந்தாச்சு. மனு எழுதிக் கொடுக்க முன்னே மாதிரி விழுப்புரம் வரை பஸ் ஏற வேண்டியதில்லை.

இந்த சனிக்கிழமை ஊருக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். ஈ.பி. அட்டை, காஸ் புக், பழைய ரசீது எல்லாவற்றையும் எடுத்துவரச் சொல்லி அம்மாவோடு உட்காருங்கள். அரை மணி நேரம் போதும். 'மாத்தலாமா, வேண்டாமா' என்று நீங்கள் சொல்ல வேண்டியதே இருக்காது. கணக்கைப் பார்த்து அம்மாவே சொல்லிவிடுவார்!